உசுவாயா வரை போகும் வேன்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இஸ்தான்புல் இருக்கிறது. அதைத் தாண்டினால் வெனிஸ். வெனிஸில் ஏறுகிறவர்கள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேனில் ஏறுவார்கள். அந்த ஊர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதை நிறுத்த யாருக்கும் மனசு வந்ததில்லை, தெரு முழுக்க ஓடும். வெனிஸுக்கு அடுத்தது ரோம். அதற்கு அடுத்தது என் ஊர், லிமா. நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். மூன்று வருடம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

எங்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போன வேன் டிரைவர் வைத்த பெயர்கள் இவை. அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பக்கத்திலேயே ஒரு நகரத்தின் பெயரையும் போடச் சொல்லுவார். நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதர், ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. முன்பல்லில் ஒன்று இல்லாததால் அவர் வாயில் பாரிஸும் வெனிஸும் விசிலோடு வரும். தெற்கே திருச்செந்தூர், வடக்கே பழனி, இதுதான் அவர் பார்த்த உலகம். ஆனால் காலையில் ஸ்டியரிங்கில் கை வைத்ததும் பேசத் தொடங்குவது டோக்கியோவைப் பற்றியோ கெய்ரோவைப் பற்றியோதான் இருக்கும்.

ஒவ்வொரு பெயருக்கும் காரணம் வைத்திருந்தார். இஸ்தான்புல் இரண்டு கண்டங்களில் கிடக்கிற நகரமாம், பாதி ஆசியா, பாதி ஐரோப்பா. எங்கள் வழியில் ஒரு ஊர் ஓடைக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக இருந்தது. இரண்டு பாதிக்கும் ஒத்துக்கொள்ளாது, கோயில் கொடையைக்கூட தனித்தனியாகத்தான் நடத்துவார்கள். ரோம் நகரத்துக்குள்ளேயே ஒரு தனி நாடு இருக்கிறதாம். எங்கள் ரோமிலும் நடு ஊரில் உயரமான காம்பவுண்டு போட்ட நிலக்காரர் வீடு ஒன்று உண்டு. அந்தச் சுவருக்குள் அவர் சொல்வதுதான் சட்டம். அதை டிரைவர் வெளிப்படையாகச் சொல்லமாட்டார், அந்த வீட்டைத் தாண்டும்போது ஹாரனை மட்டும் மெதுவாக அடிப்பார்.

என் ஊருக்கு அவர் லிமா என்று பெயர் வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது.

"லிமாவுல மழையே அபூர்வம் தாயி. உங்க ஊரும் அப்படித்தான இருக்கு? கோவப்படாத. அங்கன ஒரு பட்டாசுக் கம்பெனி போட்டோம்னு வையி, வருசம் பூரா வெயில்ல காயப்போடலாம். மேகத்தப் பாத்து ஒருத்தரும் தார்ப்பாயத் தூக்கிட்டு ஓட வேண்டாம்" என்றார்.

அவர் பார்வை அப்படி. உலகத்தில் எந்த நகரத்தைக் கண்டாலும் அங்கே நம் கம்பெனி ஓடுமா, நம் ஆட்கள் இருப்பார்களா என்றுதான் முதலில் பார்ப்பார். கோபுரம், மாளிகையெல்லாம் அப்புறம்தான்.

இவ்வளவும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். அவருடைய மச்சான் ஒருவர் சிவகாசியில் டைரி அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்தார். மை சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் ஓட்டுகிற தாள்கள் எல்லாம் வேஸ்ட். அந்தத் தாள்களை மச்சான் கட்டிக் கொடுப்பார், இவர் வேன் சீட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குக்கு விரிப்பார். டைரியின் முன்பக்கத்தில் போடுகிற உலக நகரங்களும் சுவையான தகவல்களும் அப்படித்தான் எங்கள் வேனுக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தலைநகரத்தின் மேல்தான் உட்கார்ந்து போவோம். இவர் சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது குனிந்து குனிந்து படிப்பார்.

இதில் ஒரு சிக்கல். வேஸ்ட் தாள் என்றால் முழுசாகவா இருக்கும்? பாதியில் வெட்டியிருக்கும், பாதியில் மை இறங்கியிருக்காது. ஒரு நாள், "பாரிஸ் நகரத்தின் ஈபிள் கோபுரம் கோடைகாலத்தில்" என்பதோடு தாள் முடிந்துவிட்டது. எங்கள் டிரைவர் அதற்காகத் தயங்குகிற ஆள் இல்லை.

"கோடைகாலத்துல பூட்டிருவாக" என்று அறிவித்தார்.

"ஏன் பூட்டுதாக?" என்று யாரோ கேட்டார்கள்.

"இரும்புல்லா? வெயில்ல கை வைக்க முடியுமா?"

நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். நம் ஊர் வெயிலில் வேன் கைப்பிடியையே தொட முடியாது, கோபுரத்தை எப்படித் தொடுவது? பிற்பாடு வேறு வேலைக்குப் போன இடத்தில், வெயிலுக்கு இரும்பு விரிந்து அந்தக் கோபுரம் கொஞ்சம் உயரும் என்று படித்தேன். உண்மையைவிட அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் பாரிஸ் படத்தைப் பார்த்தால் பூட்டியிருக்கிறதா என்றுதான் கண் தேடுகிறது.

ஒரே ஒரு தகவலுக்கு மட்டும் வேன் சிரிக்கவில்லை. லா பாஸ் என்று ஒரு நகரம், மலை உச்சியில், காற்று மெலிந்த இடம், அங்கே தீ சட்டென்று பற்றிப் பிடிக்காதாம். அதை அவர் உற்சாகமாகத்தான் சொன்னார். வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிற சுந்தரி என் தோளில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அங்கன நமக்கு வேலை இருக்காதுண்ணே" என்றாள்.

"வேலை இருக்காது" என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் கொஞ்ச தூரம் போனபின், "பயமும் இருக்காது" என்றார். எங்கள் பயத்தை வாய் திறந்து சொன்ன ஒரே ஆம்பளை அவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றிலிருந்து.

எங்கள் வழியின் கடைசி ஸ்டாப் உசுவாயா. உலகத்தின் தென்கோடியில் இருக்கிற நகரம், அதற்கப்புறம் கடலும் பனியும்தான் என்பார். எங்கள் உசுவாயாவுக்கு அப்புறம் ரோடே கிடையாது. எல்லோரும் ஏறியபின் வேன் மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிக் குலுங்கிப் போய், நாலைந்து வீடு உள்ள அந்த ஊர் முனையில் நின்று, ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பும். அந்த ஆள் பேச்சியம்மாள் அக்கா. அந்த ஊரில் மற்றவர்கள் எல்லாம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். புருசன் செத்தபின் அவள் இந்த வேலையை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். மூத்தவள் அந்த வருடம்தான் சாத்தூர் காலேஜில் சேர்ந்திருந்தாள், விடுதியில் இருந்தாள். பஸ் வராத ஊர். வேன் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் படிப்பு இல்லை. இது வேனில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் முணுமுணுக்க ஆள் இருந்தது. முன் சீட்டுக் குருவம்மாள் அக்கா. மாமியார், மாமனார், நாலு பிள்ளைகள், வேலைக்குப் போகாத புருசன், இத்தனை பேருக்கும் பொங்கி வைத்துவிட்டு வருகிறவள். காட்டுக்குள் வண்டி திரும்பும்போதெல்லாம், "ஒரு ஆளுக்காக எங்க இடுப்பெல்லாம் ஒடியணுமா?" என்பாள். பேச்சியம்மாள் ஏறியதும் நகர்ந்து இடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு மறுநாளும் அதையே சொல்லுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது இஸ்தான்புல்.

ஒரு நாள் கம்பெனிக்கு ஒரு ஆபீசர் வந்தார். எந்தெந்த அறையில் எத்தனை பேர், செருப்பில்லாமல் வருகிறார்களா, பருத்தித் துணிதான் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தவர், சுந்தரி முன்னால் நின்றார். ஆபீசர்களைக் கண்டாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எந்த ஊரும்மா?"

"இஸ்தான்புல்லு சார்."

ஆபீசர் பேனாவை எடுத்தார், திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

"அங்கேருந்து தினமும் வர்றியா?"

"ஆமா சார். வேன்ல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கா மணி நேரம் சார்" என்று அவள் மரியாதையாகச் சொன்னாள்.

ஆபீசர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெளி ஆள் முன்னால் கம்பெனி மானம் போய்விட்டதாம். டிரைவரைக் கம்பெனி கேட்டுக்கே கூப்பிட்டு, "ஊர் பேர மாத்த நீங்க யாருய்யா? எந்த ஸ்டாப்புல எத்தன பேர் ஏறுறாங்கன்னு ஒழுங்கான பேரோட சொல்லுங்க" என்று நிறுத்தி வைத்துக் கேட்டார். காலையில் ஒப்படைத்த செல்போனைத் திரும்ப வாங்க நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், எல்லாம் காதில் விழுந்தது. டிரைவர் ஒழுங்கான பெயர்களைச் சொல்லத் திணறினார். பாவம், அவருக்கே மறந்துவிட்டிருந்தது. கடைசி ஸ்டாப்புக்கு வந்தபோது, "ஒரு ஆளு சார்" என்றார்.

"ஒரே ஒரு ஆளா? அதுக்கா இத்தன தூரம் உள்ள போய்ட்டு வர்றீங்க? அதான் வண்டி தினமும் ஆறு மணி தாண்டுது. அந்த ஸ்டாப்ப விட்ருங்க."

"சார், அது உலகத்தோட கடைசி ஊரு சார்."

"அதான்யா நானும் சொல்றேன். கடைசி ஊரு வேண்டாம்."

"அத வெட்டுனா அதுக்கு முந்தின ஊரு கடைசியாயிரும் சார். அப்பறம் அதையும் வெட்டச் சொல்லுவீக."

பதில் கிடைக்காத மேனேஜர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார், குரலை உயர்த்தினார். திங்கட்கிழமையிலிருந்து வேன் ஒரு நாள் ஆறு மணியைத் தாண்டினாலும் அந்த ஸ்டாப் கிடையாது, அத்தோடு பேச்சு முடிந்தது என்றார்.

அன்று சாயங்காலம் வேனில் எந்த நகரமும் வரவில்லை. பேச்சியம்மாள் ஜன்னலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காட்டுக்குள் திரும்புகிற இடத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எல்லாம் என் வாயால வந்தது. நான் பேர் வைக்காம இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் கால் மணி நேரம் முன்னால் ஸ்டாப்புக்கு வந்துவிட்டால் உள்ளே போய்த் திரும்பியும் ஆறு மணிக்குள் கம்பெனி கேட்டைத் தொட்டுவிடலாம்.

கால் மணி நேரம் என்பது சொல்வதற்குச் சின்னது. அடுப்பு, தண்ணீர்க் குடம், பிள்ளைக்குத் தலை பின்னுவது, எல்லாவற்றையும் அந்தக் கால் மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். ஏற்கெனவே கோழிக்கு முன்னால் எழுந்திருக்கிறவர்கள் நாங்கள்.

"நான் எதுக்கு எந்திரிக்கணும்? ஏழு பேருக்குப் பொங்கிட்டு வாரேன். எனக்காக இந்த ஊர்ல எவ எந்திரிக்கா?" என்றாள் குருவம்மாள்.

டிரைவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"அக்கா, டோக்கியோன்னு ஒரு நகரம். நமக்கு விடியிறதுக்கு மூணரை மணி நேரம் முன்னாடியே அங்கன மணி அடிச்சிரும். நீங்க கண்ணு முழிக்கும்போது அவுக வேலைக்கே போய்ச் சேந்திருப்பாக. நீங்க கால் மணி நேரம் எந்திரிக்க மாட்டீகளா?"

"அவுகளுக்குச் சம்பளம் எம்புட்டு?"

அது எந்தத் தாளிலும் இல்லை. டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"எனக்காக ஒருத்தரும் எந்திரிக்க வேண்டாம். நான் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துருதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"விடியுமுன்ன அந்தக் காட்டுக்குள்ள ஒத்தையிலயா? பாம்பு கெடக்கு, வெறிநாய் திரியுது. பேசாம இரு தாயி" என்று டிரைவர் அதட்டினார். அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். யாரும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டி காட்டுக்குள் திரும்பியது.

அந்த ஸ்டாப் நிலைத்துவிட்டது, அந்த வாரமும் அதற்கப்புறமும் நாங்கள் ஆறு மணியைத் தாண்டவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாளின் மூத்தவள் படித்து முடித்து அருப்புக்கோட்டையில் வேலைக்குப் போனாள். டிரைவர் இப்போது வேறு கம்பெனிக்கு, காரியாபட்டிப் பக்கம் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்வி. அங்கே எந்த நகரங்களை இறக்கி வைத்திருக்கிறாரோ. ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமையில்தான் நிறுத்த வேண்டும்.

கிழக்கே வெளுக்காத நேரம். நான் லிமாவில் ஏறியபோது வேனில் இஸ்தான்புல் முழுசாக இருந்தது, இரண்டு கரையும். வெனிஸ்காரிகள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு கொட்டாவி விட்டார்கள். ரோமிலும் ஒரு ஆள் குறையவில்லை. டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தலையை எண்ணிவிட்டுக் கியரைப் போட்டார். இனி ஏறவேண்டியது குருவம்மாள் ஊர் மட்டும்தான். அவள் ஊருக்கு அவர் வைத்த பெயர் நியூயார்க், தூங்காத நகரம். வேன் அங்கே போனபோது, அவள் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி ஈரம் காயவில்லை, கையில் தூக்குவாளி. யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்தாள். "சூடா இருக்கு, தள்ளி உக்காரு" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள்.

காட்டுக்குள் திரும்பிப் பாதி தூரம் போயிருப்போம். லைட் வெளிச்சத்தில் யாரோ எதிரே நடந்து வருவது தெரிந்தது. ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை. பேச்சியம்மாள். ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது. டிரைவர் பிரேக்கைப் போட்டார்.

"இங்கனயே திருப்பிருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். "பாதி தூரம் மிச்சம்ல. நாளையில இருந்து மெயின் ரோட்டுக்கே வந்துருதேன். எல்லாரும் நிம்மதியாத் தூங்கட்டும்."

திருப்புவதற்கு அங்கே இடமும் இருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்ததைச் சொல்கிறேன். இவள் இன்றைக்கு நடந்துவிட்டால் நாளைக்கு மேனேஜர், நடக்க முடிகிறதே, அப்புறம் என்ன என்பார். அந்த ஊருக்கு வேன் வந்ததே மறந்துபோகும். எனக்கு அது தெரிந்தது, ஆனால் வாய் வரவில்லை.

குருவம்மாளுக்குத்தான் வந்தது.

"ஏ பேச்சி, உனக்கு என்ன கிறுக்கா?" என்று சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வச்சிருக்கேன். எங்க மாமியாகிட்ட இந்த விடியக்காலம் எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? நீ நடக்குறதுக்கா நான் எந்திரிச்சேன்?"

"இல்லக்கா, வண்டி பிந்திருமேன்னு..."

"பிந்தாது. நீங்க என்னண்ணே பாத்துக்கிட்டு இருக்கீக? நேரா விடுங்க. அவ ஊர்லயே போயி அவள ஏத்துங்க."

பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விடுங்கண்ணே, விடுங்க என்று சத்தம் போட்டார்கள். டிரைவர் கியரைப் போட்டார். வேன் குலுங்கிக் குலுங்கி முன்னால் போனது. பேச்சியம்மாள் கம்பைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நடுவில் நின்றுகொண்டே வந்தாள்.

ஊர் முனையில் வண்டி நின்றது. அங்கே ஒருவரும் இல்லை. ஏறுவதற்கு ஆளில்லாத அந்த இடத்தில் டிரைவர் நிதானமாக வண்டியைத் திருப்பி நிறுத்தி, இறங்கி வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் புரியாமல் எங்களைப் பார்த்தாள்.

"எறங்கு" என்றாள் குருவம்மாள்.

அவள் இறங்கித் தன் ஊர் மண்ணில் நின்றாள். குருவம்மாள் கதவுப் பக்கம் நகர்ந்து வந்து கையை நீட்டினாள்.

"இப்ப ஏறு."